கையைத் தூக்குனா மேல ஏறாத ஒரு டாப்

பஸ்ல நின்னுக்கிட்டே வேலைக்குப் போறவங்களுக்கு நான் சொல்றது உடனே புரியும். ஒரு கையில பை, இன்னொரு கை மேல கம்பியப் பிடிக்கணும், கம்பியப் பிடிக்க கையைத் தூக்குன அடுத்த நிமிஷம் போட்டிருக்கிற டாப் பூராவும் கையோட சேர்ந்து மேல ஏறும், அப்புறம் டிரைவர் பிரேக் போடுற வரைக்கும் துணிய கீழ இழுத்து விட்டுக்கிட்டே வரணும். மதுரையில ஆனையூர்ல இருந்து மாட்டுத்தாவணி பக்கம் ஆபீஸுக்கு பதினோரு வருஷமா இப்படித்தான் போயிட்டு வர்றேன். ரெடிமேட் எடுத்தாலும் இதே கதைதான். டெய்லர்கிட்ட குடுத்து "கை தூக்குனா இழுக்குதுண்ணே"ன்னு சொன்னா "அடுத்த தடவ லூஸா வச்சுத் தர்றேம்மா"ன்னு சொல்வாரு, லூஸா வச்சும் குடுத்தாரு, ஆனா முன்னைவிட ஜாஸ்தியா ஏறுச்சு. லூஸா தைச்சா எப்படி இன்னும் இழுக்கும்? இந்தக் கேள்விக்கு எனக்கு யாருமே ஒழுங்கா பதில் சொல்லல. நான் தையல் கத்துக்க உக்காந்ததுக்கு இதுதான் முதல் காரணம், வேற பெரிய காரணம்லாம் கிடையாது.

வீட்ல மெஷின் இருந்துச்சு. அத்தை, அதாவது என் மாமியார், ஒரு காலத்துல தெருவுல இருக்கிறவங்களுக்கு உள்பாவாடையும் தலகாணி உறையும் தைச்சுக் குடுத்தவங்க. கால்ல மிதிக்கிற மெஷின், பல வருஷமா அது மேல பழைய போர்வை, போர்வை மேல இன்வெர்ட்டர் பெட்டி. எல்லாத்தையும் எறக்கி வச்சுட்டு சக்கரத்தைச் சுத்துனா அசையவே இல்ல. எண்ணெய் உள்ள பிசினு மாதிரி இறுகிப் போயிருந்துச்சு. மெக்கானிக் வந்து மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டு, கழுவித் தொடைச்சு, புதுசா மெஷின் எண்ணெய் விட்டு, தோல் பெல்ட்டையும் மாத்திக் குடுத்தாரு. அன்னைக்கு சாயங்காலம் அந்த சத்தம் வீட்டுக்குள்ள கேட்டதும் அத்தை அடுப்படியில இருந்து கையத் தொடைச்சுக்கிட்டே வந்து நின்னாங்க பாருங்க, அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

அத்தை எனக்கு முதல்ல துணியே குடுக்கல. ரூல் போட்ட லாங் சைஸ் நோட்டுல இருந்து ஒரு தாளைக் கிழிச்சு, நூல் கோக்காம, வெறும் ஊசிய வச்சு அந்தக் கோட்டு மேலயே ஓட்டுன்னு சொன்னாங்க. கேக்க சுலபமா இருக்கும். மிதியில ரெண்டு பாதத்தையும் வச்சு, ஒண்ணை முன்னாடி ஒண்ணை கொஞ்சம் பின்னாடி வச்சு, குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி அழுத்தணும், நிறுத்திட்டு திரும்ப ஆரம்பிக்கும்போது கைச்சக்கரத்தை நம்ம பக்கமா ஒரு தட்டு தட்டிவிடணும். இல்லைன்னா சக்கரம் பின்னாடி சுத்தும், பின்னாடி சுத்துனா நூல் அறுந்துரும். நாலு நாள் தாள்லதான் ஓட்டுனேன், ஓட்டை ஓட்டையா இருபது தாளு. நேர்கோடு வந்ததும் கட்டம், கட்டம் வந்ததும் வட்டம். கட்டத்துல மூலை வந்தா ஊசிய தாள்ல குத்தி நிக்க வச்சு, ஊசிக்கு ரெண்டு பக்கமும் துணிய அமுக்கிப் பிடிக்கிற அந்தக் காலைத் தூக்கி, தாளைத் திருப்பி, காலை எறக்கி, திரும்ப மிதி. இந்த ஒரு வேலைய தாள்ல பழகுனதுதான் பின்னாடி என்னைக் காப்பாத்துச்சு, அதைக் கடைசியில சொல்றேன்.

நூல் கோத்ததுக்கு அப்புறம் வந்த வாரம்தான் ரொம்பக் கஷ்டம். மேல பார்த்தா தையல் அழகா இருக்கும், துணியத் திருப்புனா அடியில கொசகொசன்னு நூல் கூடு கட்டியிருக்கும். அடியில தான சிக்கு, அப்ப அடிநூல் சுத்தி வச்சிருக்கிற பாபின்லதான் கோளாறுன்னு நெனச்சு பாபின் கேஸைக் கழட்டிக் கழட்டி மாட்டுனேன். அத்தை பார்த்துட்டு, "நூல் சும்மா சிக்காது, நீ எங்கயோ மாத்திக் கோத்திருக்க, மேல பாரு"ன்னாங்க. அடியில சிக்குனா தப்பு மேல இருக்கும், கோக்கும்போது அந்தக் காலு தூக்கி இருக்கணும்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. கால் எறங்கி இருந்தா மேல் நூலை அழுத்திப் பிடிக்கிற டென்ஷன் தட்டு ரெண்டும் இறுக்கி மூடியிருக்கும், நூல் அதுக்கு நடுவுல போகாம மேலாக்கத் தொங்கும், பிடிப்பே இல்லாத நூல் அளவில்லாம அடியில எறங்கிக் கூடு கட்டிரும். காலைத் தூக்கிட்டுக் கோத்தேன், அவ்வளவுதான், சரியாப் போச்சு.

அன்னைக்கு ராத்திரி மெஷினோட அடித்தட்டைத் தள்ளி விட்டு, சக்கரத்தை கையால பைய பையச் சுத்தி உள்ள என்ன நடக்குதுன்னு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஊசி நூலோட துணியக் குத்திக்கிட்டு கீழ எறங்குது, முழுசா எறங்கிட்டு ஒரு நூலிழை அளவு மேல எழும்பும்போது நூல் ஒரு பக்கமா சின்னதா உப்பி ஒரு வளையமா நிக்குது, அந்த வளையத்தை, பாபின் உக்காந்திருக்கிற ஷட்டிலோட கொக்கி முனை வந்து கவ்வி பாபினையே சுத்திக் கொண்டு போகுது, மேல் நூலும் கீழ் நூலும் துணிக்கு நடுவுல ஒண்ணோட ஒண்ணு பின்னிக்குது. கை ஊசியில காது பின்னாடி இருக்கும், மெஷின் ஊசியில காது முனையிலயே இருக்கும். இந்த மாதிரி முனையில காது வச்ச ஊசியும் அடியில ஒரு ஷட்டிலும் சேர்ந்த மெஷினுக்கு அமெரிக்காவுல எலியாஸ் ஹோவ் 1846-ல காப்புரிமை வாங்குனாரு, சிங்கர் தன்னோட மெஷினுக்கு வாங்குனது 1851-ல. யந்திரம்னாலே சந்தேகமா பார்த்த காந்தி கூட 1924-ல பேசும்போது சிங்கரோட தையல் மெஷினுக்கு மட்டும் விதிவிலக்கு குடுத்தாரு. அவரு சட்டையெல்லாம் விட்டுட்டு அரையில ஒரு துண்டோட நிக்க ஆரம்பிச்சது 1921-ல எங்க மதுரை மேல மாசி வீதியில, அந்த மனுஷன் தையல் மெஷினை ஒதுக்கலன்னு நெனைக்கும்போது எனக்கு ஏனோ ரொம்ப சந்தோஷமா இருக்கும்.

முதல் உருப்படி ஆறு பீஸ் பாவாடை. புதுசா கத்துக்கிற யாரு கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். 36 இன்ச் அகல பாப்ளின் ரெண்டு மீட்டர். அதை 38 இன்ச் நீளத்துக்கு ரெண்டா வெட்டிக்கணும். ஒவ்வொரு துண்டுலயும் மூணு பீஸ், மேல 7 இன்ச் கீழ 13 இன்ச், ஒரு ஓரம் நேரா ஒரு ஓரம் சாய்வா. ஒண்ணை நேரா வச்சா அடுத்ததைத் தலைகீழா வைக்கணும், அப்பத்தான் சாய்வு சாய்வோட ஒட்டிப் படுக்கும், துணி வீணாகாது. தையலுக்கு ரெண்டு பக்கமும் அரை அரை இன்ச் போக, மேல ஆறாறு முப்பத்தாறு இடுப்புக்கு, கீழ 72 இன்ச் சுத்துக்கு. ஓரத்துல கோணலா ஒரு துண்டு மிஞ்சும் பாருங்க, அதுல மூணு இன்ச் அகலத்துக்கு நாடா கோக்கிற பட்டியும் வந்துரும். அத்தை எட்டாவது வரைக்கும்தான் படிச்சாங்க, ஆனா இந்தக் கணக்கைத் தாள் பேனா இல்லாம ஜாண் வச்சே போட்டாங்க. நேர் ஓரத்தோட சாய்வு ஓரத்தைத்தான் சேத்துத் தைக்கணும், சாய்வும் சாய்வும் சேந்தா தொவைக்கத் தொவைக்க அந்த இடம் தொங்கிரும்னு அவங்க சொன்னப்ப ஏன்னு கேட்டேன். ஒரு துண்டு துணியக் கையில குடுத்து நீளவாக்குல இழுன்னாங்க, அசையல. கோணலா மூலைக்கு மூலை இழுன்னாங்க, ரப்பர் மாதிரி நீண்டுச்சு. அதுக்கு மேல விளக்கம் தேவைப்படல எனக்கு.

பாவாடை மூணு தைச்சேன், தலகாணி உறை எத்தனைன்னு கணக்கு இல்ல. அப்புறம் டாப்.

இங்கதான் அத்தை கையை விரிச்சுட்டாங்க. "கை வச்சு தைக்கிறதெல்லாம் எனக்குத் தெரியாது பிள்ள, என் ஜாக்கெட்டையே வெளியிலதான் குடுப்பேன்." அதனால வீட்ல எனக்குப் பிடிச்ச ஒரு ரெடிமேட் டாப்பை துணி மேல விரிச்சு சாக்பீஸால சுத்தி வரைஞ்சு வெட்டிட்டேன். நடந்த தப்புகளை வரிசையா சொன்னா யாருக்காவது உதவும். துணிய நனைச்சுக் காயப்போடாம வெட்டுனேன், காட்டன், முதல் தொவையல்ல நீளத்துல ஒன்றரை இன்ச் போயிருச்சு. ரெண்டு கையையும் ஒரே மாதிரி வெட்டுனேன். கைக்கு முன்பக்கம் பின்பக்கம்னு இருக்கு, நம்ம கை எப்பவும் முன்னாடிதான் நீளுது, முன்பக்கம் துணி அதிகமா இருந்தா அக்குள்கிட்ட சுருங்கி நிக்கும், அதனால முன்பக்க வளைவை அரை இன்ச் உள்ள குடைஞ்சு வெட்டணும். ரெண்டும் ஒரே பக்கத்துக் கையா வெட்டுனதால எனக்கு ஒரு கை ஒழுங்கா உக்காந்துச்சு, இன்னொண்ணு முறுக்கிக்கிட்டு நின்னுச்சு. பிரிச்சேன், திருப்பி வச்சேன், திரும்பப் பிரிச்சேன். தையல் பிரிக்கும்போது நூலைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, நாலு தையலுக்கு ஒண்ணா ஒரு பக்கம் மட்டும் வெட்டிக்கிட்டே போயி மறுபக்க நூலை உருவுனா முழுசா வந்துரும். பிளேடு வேண்டாம், பிரிக்கிறதுக்குன்னே சின்னக் கருவி இருபது முப்பது ரூவாய்க்கு விக்குது, துணி கிழியாது.

எல்லாம் முடிச்சுப் போட்டுப் பார்த்துட்டு கண்ணாடி முன்னாடி கையைத் தூக்குனேன். ஏறுச்சு. ரெடிமேட்ல எப்படி ஏறுமோ அதே மாதிரி. அதை வரைஞ்சுதான வெட்டுனேன், வேற எப்படி இருக்கும்.

சின்ன வயசுல எனக்குப் பட்டுப்பாவாடை சட்டை தைக்க அம்மா புது மண்டபத்துக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க. மீனாட்சி கோயில் கிழக்கு கோபுரத்துக்கு எதுத்தாப்புல, திருமலை நாயக்கர் கட்டுன மண்டபம். கல் தூணு ஒவ்வொண்ணுலயும் சிலை, சிலைக்குக் கீழ ஒரு தையல் மெஷின். வளையல் கடை, பாத்திரக் கடை, புத்தகக் கடைக்கு நடுவுல வரிசையா டெய்லருங்க உக்காந்திருப்பாங்க, துணிய குடுத்துட்டு கோயிலுக்குப் போய் சாமி கும்பிட்டு வர்றதுக்குள்ள தைச்சு வச்சிருப்பாங்க. அந்த நிழலும் எண்ணெய் வாசமும் அத்தனை மெஷினும் ஒண்ணா ஓடுற சத்தமும் இப்பவும் காதுல இருக்கு. இப்ப அந்தக் கடைகளை எல்லாம் பக்கத்துல குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க. மண்டபத்தைப் பாதுகாக்கணும்ங்கிறது சரிதான், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல, ஆனா தூணுக்கடியில உக்காந்து தைச்ச அந்த மனுஷங்களும் அந்த மண்டபத்தோட ஒரு பகுதியாத்தான் எனக்குத் தெரிஞ்சாங்க.

ஒரு சனிக்கிழமை என் டாப்பை எடுத்துக்கிட்டு சத்திரத்துக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஒரு பெரியவரு ஜிப்பா தைச்சுக்கிட்டு இருந்தாரு. "ஐயா, தைக்கக் குடுக்க வரல, ஒண்ணு கேக்கணும்"னு தயங்கித் தயங்கித்தான் ஆரம்பிச்சேன். அவரு மெஷினை நிறுத்திட்டு டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "நீயாம்மா தைச்ச? நெருக்கித் தைச்சிருக்க, நல்லாருக்கு." அந்த ஒரு வார்த்தைக்கே நான் கிளம்பிப் போயிருக்கலாம். அப்புறம் கைச்சுத்துல, அதாவது உடம்புத் துணியில கை சேர்ற குழியில, தோள்ல இருந்து கீழ இன்ச் டேப்பை வச்சு, "ஒம்பதரை வச்சிருக்க. ஒன் அளவுக்கு ஏழரை போதும் தாயி, இம்புட்டு எறக்குனா ஏறாம என்ன செய்யும்"னாரு.

எனக்குப் புரியல. கை குழிய இன்னும் சின்னதாக்குனா இன்னும் இறுக்கும்தான? அவரு டேப்போட ஒரு முனைய என் கையில குடுத்து இடுப்புல பிடிச்சுக்கச் சொன்னாரு, மறுமுனைய என் இன்னொரு கையோட முழங்கைகிட்ட அவரே பிடிச்சுக்கிட்டாரு. கை தொங்கிக்கிட்டு இருக்கு, டேப்பு இடுப்புல இருந்து நேரா குறுக்கால முழங்கைக்குப் போகுது. "இப்பக் கையத் தூக்கு." தூக்குனேன், டேப்பு என் விரலை விட்டு உருவிக்கிட்டுப் போயிருச்சு. பாத்தியா, துணிக்கும் இதான் நடக்குதுன்னாரு.

பஸ்ல வர்ற வழி பூரா அதையே நெனச்சுக்கிட்டு வந்தேன். கை குழி கீழ எறங்கி இருந்தா துணி அக்குள் வரைக்கும் மேல போகாம பாதியிலயே திரும்பி கைக்குப் போயிருது, குறுக்கு வழி. கை தொங்கும்போது அது வசதியா லூஸா தெரியும். கையைத் தூக்குனதும் இடுப்புல இருந்து அக்குள் வழியா முழங்கை வரைக்கும் உடம்பு முழு நீளத்துக்கு நிமிருது, துணியில அந்த நீளம் இல்ல, பக்கவாட்டுல ரெண்டு இன்ச், கையில ஒண்ணு ரெண்டு இன்ச்னு குறையுது. குறையறதை துணி எங்க இருந்து எடுக்கும், கீழ இருந்துதான், அதனாலதான் மொத்த டாப்பும் மேல ஏறுது. குழி அக்குளை ஒட்டி மேல இருந்தா துணி முழு தூரமும் போயி வருது, தூக்கும்போது அதுக்கு நீளம் கையிருப்புல இருக்கு. பதினோரு வருஷமா டெய்லருங்க "லூஸா வைக்கிறேன்"னு சொல்லி எனக்கு அந்தக் குழியத்தான் எறக்கி எறக்கிக் குடுத்திருக்காங்க. ரெடிமேட்ல எறக்கமா வைக்கிறதுக்கு காரணம் நானா யோசிச்சதுல, ஒரே அளவு பல உடம்புக்கு நுழையணும், எறக்கி வச்சா யாருக்கும் அக்குள்ல உறுத்தாது. நுழையுது, உறுத்தல, ஆனா கையைத் தூக்க முடியல.

இன்னொண்ணும் அன்னைக்கு அவரு காட்டுனாரு. தைச்சுக்கிட்டு இருந்த ஜிப்பாவை எடுத்து அக்குள் இடத்தைத் திருப்பிக் காமிச்சாரு, அங்க ஒரு சின்ன சதுரத் துண்டு. பழைய முறை ஜிப்பாவுல வளைவு வெட்டே கிடையாது, உடம்பு ஒரு நீள்சதுரம், கை ஒரு நீள்சதுரம், எல்லாமே நேர் வெட்டு, ஒரு துண்டு துணி வீணாகாது. ஆனா நேரா வெட்டுன கைய நேரா வெட்டுன உடம்போட வச்சா அக்குள்ல பிடிக்குமே, அதுக்குத்தான் அந்தச் சதுரம். கை தொங்கும்போது அது மூலைக்கு மூலை முக்கோணமா மடிஞ்சு அக்குள்ல ஒளிஞ்சுக்கும், தூக்குனா விரியும். நான் என் வாழ்க்கையில எத்தனையோ ஜிப்பா தொவைச்சுக் காயப்போட்டிருக்கேன், அந்தத் துண்டைக் கண்ணால பார்த்திருக்கேன், ஏதோ துணி பத்தாம ஒட்டுப் போட்டிருக்காங்கன்னு நெனச்சிருக்கேன்.

அதுக்கப்புறம் அவசரப்படல. சோதிச்சுப் பார்க்க வெளுக்காத காடா துணி வாங்கி வெறும் மேல்பாதி மட்டும் தைச்சு, ஏழரை குழி வச்சுப் பார்த்தேன், தோளோட சேர்ற கை வளைவோட உயரத்தை முக்கால் இன்ச் குறைச்சு, அந்த அளவுக்கு கைய அகலப்படுத்துனேன். வளைவு உசரமா இருந்தா கை தொங்கும்போது சுருக்கமே இல்லாம அழகா நிக்கும் ஆனா தூக்க விடாது, தாழ்வா இருந்தா அக்குள்கிட்ட கொஞ்சம் மடிப்பு விழும் ஆனா கை தாராளமா போகும். எனக்கு மடிப்பு விழுந்தா பரவால்ல. ரெண்டாவது காடாவுலயே சரியா வந்துச்சு. விளக்குத்தூண் பக்கம் போயி அரக்குல வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடி துணி எடுத்தேன், கல்லுப்பு போட்ட தண்ணியில ராத்திரி ஊறவச்சு, நிழல்ல காயப்போட்டு, தேய்ச்சு, அப்புறம்தான் கத்தரிக்கோல் வச்சேன். ஒவ்வொரு தையலும் தைச்ச உடனே தேய்ச்சேன். இதைப் பலபேரு கடைசியில மொத்தமா பண்ணிக்கலாம்னு விட்டுர்றாங்க, தயவுசெஞ்சு விடாதீங்க, வீட்ல தைச்சதுக்கும் கடையில தைச்சதுக்கும் கண்ணுக்குத் தெரியிற வித்தியாசத்துல பாதி அந்த அயர்ன் பாக்ஸ்லதான் இருக்கு. பக்கத்துல பாக்கெட் வச்சேன், போனும் பஸ் காசும் போற அளவுக்கு ஆழமா.

திங்கக்கிழமை காலைல அந்த டாப்போட பஸ் ஏறுனேன். கூட்டம். கம்பியப் பிடிச்சேன். கீழ் ஓரம் முழங்கால்கிட்ட எங்க இருந்துச்சோ அங்கயே இருந்துச்சு. பக்கத்துல நின்ன யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, நான் மட்டும் கோரிப்பாளையம் வர்ற வரைக்கும் குனிஞ்சு குனிஞ்சு பார்த்துக்கிட்டே வந்தேன்.

போன வாரம் துணி மடிச்சு வைக்கும்போது அத்தையோட ஜாக்கெட்டுகளைக் கவனிச்சேன். எல்லா ஜாக்கெட்லயும் அக்குள்கிட்ட கைத்தையல். ஒண்ணுல மூணு தடவ கிழிஞ்சு மூணு கலர் நூல்ல தைச்சிருந்துச்சு. மொட்டமாடியில கொடி உசரத்துல கட்டியிருக்கு, தினம் ரெண்டு வாளித் துணிய அவங்கதான் கையை நீட்டி நீட்டிக் காயப்போடுறாங்க. "ஏன் அத்தை, கிழியுதுன்னு டெய்லர்கிட்ட சொல்லலையா?"ன்னு கேட்டேன். "வயசாச்சுல்ல, ஒடம்பு போட்டுருச்சு, அது என்ன பண்ணும்"னாங்க.

அதுல ஒண்ணை எடுத்து அக்குள் தையலைப் பிரிச்சேன். ஜாக்கெட்டுக்கு ஜிப்பா அளவு பெரிய துண்டு வேண்டாம், ரெண்டு இன்ச் போதும், தையலுக்கு விட்டு மூணுக்கு மூணு வெட்டுனேன். ஜாக்கெட்டோட அதே கலர் கிடைக்கல, கொஞ்சம் மங்கலாத்தான் இருந்துச்சு, அக்குள்ல யாரு பார்க்கப் போறா. இந்தச் சதுரத்தைச் சேக்கும்போது மூலையிலதான் கவனம், துணி முடியிற வரைக்கும் தைச்சுறக் கூடாது, அரை இன்ச் முன்னாடியே நிறுத்தணும், ஊசிய குத்தி நிக்க வச்சு, காலைத் தூக்கி, துணியத் திருப்பி, காலை எறக்கி. ஒரு பக்கத்துக்கு நாலு மூலை, ரெண்டு பக்கத்துக்கு எட்டு மூலை. அத்தை பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து ஒவ்வொரு மூலைக்கும் "நிறுத்து, இப்பத் திருப்பு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

மறுநாள் காலைல அதைப் போட்டுக்கிட்டு மாடிக்கு வாளியத் தூக்கிட்டுப் போனாங்க. பத்து நிமிஷம் கழிச்சு மேல இருந்து சத்தம், "ஏ பிள்ள, மிச்சம் இருக்கிற நாலையும் பிரிச்சு வையி, நான் எறங்கி வர்றேன்."